சுக்கானைக் கீழே இறக்குவது எப்படி: முதல் தடவை பேரிங் மாற்றப் போகிறவர்களுக்கு

நங்கூரம் போட்டுப் படுத்திருக்கும் இரவில், சின்ன அலை வந்து படகின் பின்பக்கத்தைத் தட்டும்போதெல்லாம் படுக்கைக்கு அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ‘டொக்’. ஏதோ பாத்திரம் உருளுகிறது என்று நினைத்துப் புரண்டு படுத்துவிடலாம். நான் ஒரு பருவம் முழுக்க அப்படித்தான் படுத்தேன். உருண்டது பாத்திரம் இல்லை. தேய்ந்துபோன பேரிங்குக்குள் சுக்கான் தண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதிக்கொண்டிருந்தது.

பேரிங் மாற்ற வேண்டுமென்றால் சுக்கானைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் பலர் இந்த வேலைக்குப் பயப்படுகிறார்கள். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் ஒரு நாளில் முடிக்கிற வேலைதான் இது. ஆனால் உயரக் கணக்கு தப்பினாலோ, எடையைத் தாங்காமல் நட்டில் கை வைத்தாலோ, அந்த ஒரு நாள் ஒரு மாதமாகும். அல்லது யாராவது ஒருவருடைய கால் நசுங்கும். அதனால் இந்தக் கட்டுரையில் கழற்றுவதைவிட அதற்கு முந்தைய வேலைகளே அதிகம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சுக்கான் எந்த வகை?

படகின் பின்பலகைக்கு வெளியே கீல்களில் தொங்கும் சுக்கான் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மேலே இருக்கும் பூட்டு ஊசியை எடுத்துவிட்டுச் சுக்கானை மேல்நோக்கித் தூக்கினால் வந்துவிடும். படகின் அடியில் நீளவாக்கில் இருக்கும் ஏராக்கட்டையின் பின்விளிம்பிலோ, அதற்கென்று தனியாக இருக்கும் துடுப்பு போன்ற தாங்கியிலோ பொருத்திய சுக்கானுக்கு அடியில் ஒரு உலோகப் பாதம் இருக்கும். முதலில் அதன் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். அந்தப் பாதத்தின் மேல் பெயின்ட்டும் பூச்சும் ஏறி, போல்ட் தலையே கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது சகஜம். சுரண்டிப் பாருங்கள்.

நான் இங்கே விரிவாகச் சொல்லப்போவது, இப்போதைய படகுகளில் அதிகம் காணப்படும் தொங்கு சுக்கானைப் பற்றி. கீழே எந்தப் பிடிமானமும் இல்லாமல், படகின் அடியிலிருந்து மண்வெட்டித் தகடு போல நீட்டிக்கொண்டிருக்குமே, அது.

அதன் உடற்கூறு இவ்வளவுதான். தண்ணீருக்குள் இருப்பது பலகை: இரண்டு ஃபைபர் ஓடுகள், நடுவே நுரை. பலகைக்குள்ளிருந்து ஒரு தடித்த தண்டு மேலே வரும். பலகைக்குள் அந்தத் தண்டில் விலா எலும்பு போல உலோகப் பட்டைகளைப் பற்றவைத்திருப்பார்கள். தண்டு படகின் அடியிலுள்ள ஒரு குழாய் வழியாக உள்ளே ஏறும். குழாயின் கீழ் முனையில் ஒரு பேரிங், மேல் முனையில் அல்லது மேல்தளத்தை ஒட்டி இன்னொன்று. இடையில் எங்கோ ஒரு இடத்தில், ஸ்டீயரிங் கேபிள் சுற்றியிருக்கும் குவாட்ரன்ட். உச்சியில் தண்டைக் கவ்வும் வளையமான ஒரு காலரோ பெரிய நட்டோ இருக்கும். சுக்கானின் மொத்த எடையும் அதில்தான் தொங்குகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை மறக்க வேண்டாம்.

கீழ் பேரிங்தான் பெரும்பாலும் முதலில் தேயும். கணக்குப் போட்டால் காரணம் தெரியும். இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே 60 செ.மீ., கீழ் பேரிங்குக்குக் கீழே 60 செ.மீ. தள்ளிப் பலகையின் மையம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் பலகையை 100 கிலோ விசையில் தள்ளினால், மேல் பேரிங்கில் 100 கிலோவும் கீழ் பேரிங்கில் 200 கிலோவும் விழும். கதவை நிலையிலிருந்து பெயர்ப்பது போல, சுக்கான் ஒவ்வொரு அலையிலும் கீழ் பேரிங்கை நெம்பிக்கொண்டே இருக்கிறது.

கழற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

படகு கரையேறியதும் ஒருவர் பலகையின் அடிநுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டட்டும். அப்புறம் முன்னும் பின்னும். கடைசியாகத் தோள் கொடுத்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். இன்னொருவர் கீழ் பேரிங்கில் தண்டுக்கும் புஷ்ஷுக்கும் (தண்டைச் சுற்றியிருக்கும் பேரிங் வளையம்) நடுவே விரலை வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். பிறகு உள்ளே போய் மேல் பேரிங்கிலும் அதே சோதனை.

நுனியில் தெரியும் ஆட்டத்தைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள். இரண்டு பேரிங்கிலும் ஆளுக்கு 1 மி.மீ. இடைவெளி இருந்து, பேரிங்குகளுக்கிடையே 60 செ.மீ., கீழே தொங்கும் நீளம் 120 செ.மீ. என்றால், நுனி மொத்தமாக 5 மி.மீ. ஆடும். புது படகிலேயே நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆடத்தான் செய்யும். இடைவெளியே இல்லாத பேரிங்கில் தண்டு திரும்பாது. ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து இடைவெளியை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே 1 மில்லிமீட்டருக்கு மேல் நுழைகிறது, இரவில் சத்தமும் வருகிறது என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பது என் கணக்கு.

தண்டோடு சேராமல் பலகை மட்டும் தனியாக ஆடினால் கதை வேறு. உள்ளே பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பேரிங்கை மறந்துவிடுங்கள், அந்தச் சுக்கானோடு கடலுக்குப் போகக் கூடாது.

ஆட்டத்துக்கு நேர்மாறான நோயும் உண்டு. ஸ்டீயரிங் நாளுக்கு நாள் இறுகும். நைலான் புஷ் போட்ட படகுகளில் இது அதிகம். நைலான் தண்ணீர் குடிக்கும் பொருள். முழுக்க ஊறினால் எடையில் 8, 9 சதவீதம் வரை தண்ணீர் ஏற்றிக்கொள்ளும். ஊறிய புஷ் வெளிப்பக்கம் விரிய இடமில்லாமல் உட்பக்கம் விரிந்து தண்டைக் கவ்வும். அலுமினியத் தண்டு என்றால் உப்பரித்த வெள்ளைப் பொடியும் சேர்ந்துகொள்ளும்.

உயரக் கணக்கு

இந்த இடத்தில்தான் நான் கோட்டை விட்டேன்.

தொங்கு சுக்கான் கீழ்நோக்கித்தான் வெளியே வரும். தண்டு முழுதும் குழாயைவிட்டு வெளியேறும் அளவுக்குப் பலகைக்கு அடியில் இடம் வேண்டும். அதாவது, பலகையின் மேல்விளிம்பிலிருந்து தண்டின் உச்சி வரை எவ்வளவு நீளமோ அவ்வளவு. அதோடு, வெளியே வந்ததைச் சாய்த்து எடுக்க இன்னும் ஒரு சாண்.

நான் டேப் பிடித்து, படகின் அடியிலிருந்து குவாட்ரன்ட்டின் மேல்பக்கம் வரை அளந்தேன். 81 செ.மீ. பலகைக்கும் தரைக்கும் நடுவே 94 செ.மீ. இருந்தது. தாராளம் என்று சந்தோஷப்பட்டுக் கழற்ற ஆரம்பித்தோம். பலகை தரையைத் தொட்டபோது தண்டு இன்னும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமாகக் குழாய்க்குள்ளேயே நின்றது. குவாட்ரன்ட்டைத் தாண்டி, மேல்தளத்தில் இருக்கும் அவசர டில்லர் (ஸ்டீயரிங் பழுதானால் தண்டில் நேராக மாட்டும் கைப்பிடி) மூடி வரைக்கும் தண்டு ஏறியிருந்ததை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. மூடியைத் திறந்து ஒரு டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தண்டின் உண்மையான நீளம் 118 செ.மீ. கீழே கான்கிரீட் தரை. தோண்டவும் முடியாது. எல்லாவற்றையும் மறுபடி மாட்டிவிட்டு, படகுத் தூக்கி காலியாகும் வரை ஒன்பது நாள் காத்திருந்தேன்.

ஆகவே அளவு எடுக்க வேண்டியது தண்டின் உச்சியிலிருந்து. மேல்தள மூடியைத் திறந்து, தண்டின் தலைவரை டேப்பை இறக்கி, அதை மேல்தளத்திலிருந்து படகின் அடி வரையுள்ள மொத்த உயரத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். படகு தண்ணீரில் இருக்கும்போதே இதைச் செய்துவிடலாம்.

இடம் போதாது என்று தெரிந்தால் மூன்று வழி. மண் அல்லது சரளைத் தரை என்றால் குழி வெட்டுங்கள், இதுதான் எளிது. தண்டு பல படகுகளில் செங்குத்தாக இருக்காது, சாய்ந்திருக்கும். சுக்கானும் அந்தச் சாய்விலேயே இறங்கும். அதனால் குழியைப் பலகைக்கு நேர் கீழே வெட்டாமல் தண்டின் கோட்டை நீட்டிப் பார்த்து வெட்ட வேண்டும். கான்கிரீட் தரை என்றால், கரையேற்றும்போதே ஏராக்கட்டைக்கு அடியில் கூடுதல் கட்டைகள் அடுக்கி உயரமாக உட்காரவைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, தூக்கியின் வார்கள் படகை இறுக்கிப் பிடித்திருக்கும்போதே, ஏராக்கட்டைக்குக் கீழே கட்டை கொடுத்துவிட்டுச் சுக்கானை இறக்கிக்கொள்வது. பட்டறைக்காரர்கள் சம்மதித்தால்தான் இது. வாரில் மட்டும் தொங்கும் படகுக்கு அடியில் யாரும் போகக் கூடாது, ஒரு நிமிஷம் கூட.

தண்ணீரில் இருக்கும்போதே கழற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். குழாயின் மேல்வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் முடியும், செய்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மேல்வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் நீங்கள் கழற்றுவது சுக்கானை மட்டுமல்ல, படகின் அடைப்பானையும்தான். முதல் தடவை செய்பவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

கழற்றுவதற்கு முந்தின நாள்

படகைத் தாங்கும் முட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். எதிரெதிர் முட்டுகள் சங்கிலியால் இணைந்திருக்க வேண்டும். சுக்கானுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வேலைக்கு இடைஞ்சல் என்று ஒரு முட்டை நீங்களே தள்ளி வைக்காதீர்கள். பட்டறை ஆளைக் கூப்பிடுங்கள்.

போல்ட்டுகளுக்கெல்லாம் துரு இளக்கி எண்ணெய் அடித்துவிட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். அலுமினியக் குவாட்ரன்ட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் பத்து வருஷமாக உப்புக் காற்றில் இருந்தால் இரண்டும் ஒட்டி ஒரே உலோகமாகிவிட்ட மாதிரி நிற்கும். ஒரு இரவு ஊறினால் பாதிச் சண்டை குறையும்.

அப்புறம் அடையாளம். சுக்கானை நேராக வைத்துக்கொண்டு, குவாட்ரன்ட்டிலிருந்து தண்டுக்கு ஒரே நேர்க்கோடாக மார்க்கரில் கோடு போடுங்கள். எண்ணெய் பட்டால் மார்க்கர் அழியும், அதனால் பக்கத்தில் இரண்டிலும் ஒவ்வொரு சின்ன பொட்டுக் குத்தும் வையுங்கள். ஸ்டீயரிங் சக்கரத்தில் மேலே இருக்கும் ஆரக்காலில் ஒரு டேப். தண்டில் குவாட்ரன்ட் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, காலர் எங்கே இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பலகையின் மேல்விளிம்புக்கும் படகின் அடிக்கும் உள்ள இடைவெளியையும்தான். எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒன்று, தள்ளி நின்று ஒன்று. நெருக்கத்தில் எடுத்த நாற்பது போட்டோக்களைப் பிறகு பார்த்தால் எது எந்தப் பக்கம் என்றே புரியாது.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை: சாக்கெட் செட், ஆலன் கீ, அரம், எமரி தாள், வெர்னியர் காலிப்பர், ஒரு தள்ளுவண்டி ஜாக்கி, பழைய கம்பளம், உறுதியான கயிறு, நல்ல பொறுமைசாலியான ஒரு துணை.

முதலில் தாங்கு, பிறகு தளர்த்து

35 அடிப் படகின் சுக்கான் 50 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். நுரை தண்ணீர் குடித்திருந்தால் இன்னும் கனக்கும். அது மெதுவாக வழுக்கிக்கொண்டு வரும் என்று நினைக்காதீர்கள். சில சமயம் காலரைக் கழற்றியும் அசையாமல் ஐந்து நிமிஷம் நிற்கும். நீங்கள் அடியில் குனிந்து பார்க்கிற நேரத்தில் ஒரே இறக்கமாக இறங்கும்.

அதனால் உள்ளே எந்த நட்டையும் தொடுவதற்கு முன்னால் பலகையின் அடியில் ஜாக்கி வைத்து, மேலே கம்பளம் சுற்றிய பலகைத் துண்டு கொடுத்து, எடை லேசாக ஜாக்கியில் ஏறும் வரை உயர்த்துங்கள். இது ஒரு தாங்கல். இன்னொன்று மேலிருந்து வேண்டும். பல தண்டுகளின் உச்சியில் மரை போட்ட துளை ஒன்று இருக்கும். அதில் பொருந்துகிற கொக்கி போல்ட்டைத் திருகி, கயிறு கட்டி, மேல்தள மூடி வழியாக வெளியே எடுத்து, பாய்க்கழியிலிருந்து தொங்கும் கப்பியிலோ பாய் ஏற்றும் கயிற்று வின்ச்சிலோ சுற்றிக்கொள்ளுங்கள். பாய்க்கழியில் மாட்டினால் அதன் நுனியை மேலிருந்து ஒரு கயிற்றால் பிடித்திருக்க வேண்டும். வின்ச்சில் சுற்றிய கயிற்றை விரல் விரலாக விடலாம் என்பதால் ஜாக்கியைவிட இதையே நான் நம்புகிறேன். மரைத் துளை இல்லையென்றால் பலகையைச் சுற்றி இரண்டு இடத்தில் வார் கட்டி, படகின் இரண்டு பக்கமும் மேலே ஏற்றிக் கட்டலாம்.

துணைக்கு நிற்பவரிடம் ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: பலகைக்கு நேர் கீழே கையும் காலும் போகக் கூடாது.

உள்ளே கழற்றும் வரிசை

தானியங்கி ஓட்டியின் கை தண்டில் பிடித்திருந்தால் அதை முதலில் எடுங்கள். சுக்கான் கோணத்தைக் காட்டும் சென்சாரின் சின்ன இணைப்புக் கம்பியும் அப்படியே. பிறகு கேபிள்: இழுவைத் திருகைத் தளர்த்தி, குவாட்ரன்ட்டின் பள்ளத்திலிருந்து கேபிளை எடுத்து, இரண்டு முனையையும் ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுங்கள். கேபிள் தொளதொளவென்று விட்டால் முன்னே சக்கரத்தைத் தாங்கும் தூணான பெடஸ்டலுக்குள் சங்கிலி பல்லைவிட்டு இறங்கிவிடும். அப்புறம் திசைகாட்டியைக் கழற்றித்தான் சங்கிலியைத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும்.

குவாட்ரன்ட் பெரும்பாலும் இரண்டு பாதியாக வந்து தண்டைக் கவ்வியிருக்கும். போல்ட்டை எடுத்ததும் பிரியாது. நடுவே மர ஆப்பு கொடுத்து மெல்லத் தட்டினால் விடும். தண்டுக்கும் குவாட்ரன்ட்டுக்கும் இடையே ஒரு சின்ன உலோகத் துண்டு, ‘கீ’ என்போமே, அது இருக்கும். கீழே விழுந்தால் நேராக அடிக்கழிவு நீருக்குள் போகும். அடியில் ஒரு துணியை விரித்துவிட்டு வேலை பாருங்கள்.

குழாய் வாயில் ரப்பர் சீலோ, கயிறு அடைத்த கிளாண்டோ இருந்தால் கிளாம்ப்பைத் தளர்த்தி மேலே ஏற்றிவிடுங்கள். இதெல்லாம் ஆன பிறகு, காலரில் கை வைப்பதற்கு முன், ஒரு ஐந்து நிமிஷ வேலை. நிறைய பேர் தாண்டிப் போவது இதைத்தான். தண்டை விரலால் தடவிப் பாருங்கள். குவாட்ரன்ட்டின் பிடி திருகு அழுந்திய இடத்தில், கீ உட்கார்ந்த பள்ளத்தின் விளிம்பில், உலோகம் பிசிறு கிளம்பி நிற்கும். நகத்தில் தட்டும். அந்தப் பிசிறோடு தண்டை இறக்கினால் அது இரண்டு பேரிங்கையும் உழுதுகொண்டே போகும். மேல் பேரிங் நன்றாக இருந்தாலும் கெட்டுவிடும். சில சமயம் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். அரத்தால் பிசிறைச் சீவி, எமரி தாள் போட்டு, துணியால் துடைத்துவிடுங்கள். துகள் பேரிங்குக்குள் விழாமல் இருக்கத் தண்டைச் சுற்றி ஈரத்துணி.

இப்போது காலர். மேலே கயிறு இறுக்கமாக இருக்கிறதா, கீழே ஜாக்கி தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று குரல் கொடுத்துக் கேட்டுக்கொண்டு, காலரின் போல்ட்டை எடுங்கள்.

இறக்குதல்

நல்ல நாளாக இருந்தால் இது ஒரு சின்ன பத்தியில் முடிகிற விஷயம். ஜாக்கியை ஒரு விரல் அளவு இறக்குங்கள், கயிற்றை ஒரு விரல் அளவு விடுங்கள். துணைவர் பலகையை இடமும் வலமும் லேசாகத் திருப்பிக்கொண்டே இருக்கட்டும். திருகிக்கொண்டே வந்தால் தண்டு கோணாமல் வரும். தண்டின் நுனி குழாயைவிட்டு வெளிவரும் கடைசி நொடியில் பலகை ஏதோ ஒரு பக்கம் சாயும். அதற்குத் தயாராக இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்திருக்க வேண்டும். உருளை பேரிங் உள்ள படகு என்றால் தண்டு வெளிவரும்போது உருளைகள் உதிரக்கூடும், அடியில் ஒரு பழைய போர்வையை விரித்து வையுங்கள்.

வர மறுத்தால்

சுத்தியலை எடுக்காதீர்கள். தண்டின் தலையில் நேராக அடித்தால் தலை விரிந்துவிடும். விரிந்த தலை எந்தப் பேரிங் வழியாகவும் இறங்காது. பிரச்சினை இரண்டாகும்.

ஊறிப் பெருத்த நைலான் என்றால் சிறந்த மருந்து காத்திருப்பது. படகு கரையில் காயக் காய புஷ் சுருங்கும். சில நாள் விட்டுவிட்டு வந்து திருப்பிப் பாருங்கள். அலுமினிய உப்புப் பொடி பிடித்திருந்தால் மேலிருந்து நன்னீர் ஊற்றி, சுக்கானை இடவலமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். வெள்ளையாகக் கரைந்து கீழே வழியும். வழிவது தெளியும் வரை ஊற்றுங்கள்.

அதற்கும் அசையவில்லையென்றால் மேலிருந்து தள்ள வேண்டும். உச்சி மரைத் துளையில் ஒரு போல்ட்டைத் திருகி, அதன் தலையில் கனமான மரக்கட்டை வைத்து, கட்டைக்கும் மேல்தளத்தின் உறுதியான ஒரு குறுக்குச் சட்டத்துக்கும் இடையே சின்ன ஜாக்கி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். வெறும் ஃபைபர் தளத்தில் ஜாக்கியை முட்டுக்கொடுத்தால் தளம்தான் தூக்கும். அழுத்தம் ஏற்றிவிட்டு, தண்டைத் திருப்புவது, அரைமணி விடுவது, மறுபடி திருப்புவது. அப்போதும் கீழே தாங்கல் இருக்க வேண்டும், ஏனென்றால் விட்டால் ஒரேயடியாக விடும்.

நெருப்புச் சுடர் கூடாது. ஃபைபரை ஒட்டியிருக்கும் எபாக்சி பல வகை 60, 70 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும்.

வெளியே வந்த சுக்கானை விசாரியுங்கள்

கம்பளத்தின் மேல் படுக்கவைத்து, தண்டைத் துடைத்துவிட்டு, பேரிங் உரசிய இடத்தில் வெர்னியரால் அளவெடுங்கள். ஒரே இடத்தில் குறுக்காக இரண்டு திசையில். அளவு மாறினால் தண்டு நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. உரசாத இடத்தையும் அளந்து ஒப்பிடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு பளபளப்பாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். அந்த உலோகத்தைக் காப்பது அதன் மேல் ஆக்சிஜனால் உண்டாகும் மெல்லிய படலம். பலகைக்குள் ஈரமான நுரைக்கு நடுவே ஆக்சிஜன் இல்லை, படலம் புதுப்பிக்கப்படுவதில்லை, அங்கே குழி குழியாக அரிக்கும். தண்டு பலகைக்குள் நுழையும் இடத்தில் வெடிப்பும் பழுப்புக் கசிவும் இருக்கிறதா என்று பாருங்கள். நாணயத்தால் பலகை முழுதும் தட்டிக்கொண்டே போங்கள். ‘டிக் டிக்’ என்று வந்தது ‘தொப்’ என்று மாறும் இடத்தில் ஓடு நுரையைவிட்டுப் பிரிந்திருக்கிறது. சந்தேகமிருந்தால் பலகையின் அடிவிளிம்பில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டு நிமிர்த்தி வையுங்கள். என்னுடையதில் முதல் நாள் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது, அடுத்த நான்கு நாள் சொட்டிக்கொண்டே இருந்தது. தெளிந்த தண்ணீர் என்றால் காயவைத்துத் துளையை எபாக்சியால் அடைத்தால் போதும். துருப்பிடித்த நிறமும் நாற்றமும் இருந்தால் உள்ளே இருக்கும் பட்டைகள் அரிபடுகின்றன. ஃபைபர் ஓடுகளை வெட்டித் திறந்து பார்க்கும் ஆளிடம் கொண்டுபோங்கள்.

பழைய புஷ்ஷை எடுப்பது

முதலில் புஷ்ஷைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளைத் தேடுங்கள். குழாயின் பக்கவாட்டில், பெயின்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அவற்றை எடுக்காமல் இழுத்தால் குழாய் கிழியும்.

நீண்ட மரை போட்ட கம்பி ஒன்றைக் குழாய் வழியாகவிட்டு, புஷ்ஷின் மேல்விளிம்பில் மட்டும் உட்காரும் அளவுக்கு ஒரு உலோக வட்டு, கீழே குழாயைவிட அகலமான ஒரு குழல், அதன் அடியில் வாஷரும் நட்டும். நட்டை முறுக்க முறுக்க புஷ் அந்தக் குழலுக்குள் இறங்கி வரும். வரவில்லையென்றால் ஹாக்ஸா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் ஒரு வெட்டு. பிளேடு புஷ்ஷைத் தாண்டிக் குழாயைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்திவிட்டு, சின்ன உளியால் வெட்டின் ஓரத்தை உள்ளே மடக்கினால் புஷ் சுருண்டு வரும். இந்த வேலையில் என் துணைவர் எனக்கு ரேடியோ கேட்கக்கூடத் தடை போட்டார். சரிதான்.

புதுப் பேரிங்

தயாரிப்பாளரிடம் அதே பேரிங் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் தண்டின் வெளிவிட்டம், குழாயின் உள்விட்டம், புஷ்ஷின் நீளம் மூன்றையும் கொண்டு லேத்தில் கடைந்துகொள்ளலாம். பொருள் என்று கேட்டால் அசெட்டால் என்ற பிளாஸ்டிக்கைச் சொல்லுங்கள். அது குடிக்கும் தண்ணீர் 1 சதவீதத்துக்கும் குறைவு. நைலான் மட்டும் வேண்டாம், பழைய கதை மறுபடி ஆரம்பிக்கும்.

இடைவெளி விஷயத்தில் இரண்டு செய்தி. புஷ்ஷைக் குழாயில் இறுக்கமாக ஏற்றும்போது அதன் உள்விட்டம் சுருங்கும். கையில் வைத்திருக்கும்போது தண்டில் அழகாகச் சுழன்ற புஷ் உள்ளே போனதும் கவ்விக்கொள்ளும். ஏற்றிய பிறகு ஒருமுறை அளந்துவிட்டு, தேவையானால் உள்ளே சீவ வேண்டும். இரண்டாவது, பிளாஸ்டிக் வெயிலில் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். காலைக் குளிரில் இடைவெளியே இல்லாமல் பொருத்தினால் மதியம் சக்கரம் திரும்பாது.

இரண்டு பேரிங்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பதால், பிடி திருகுகளை இறுக்குவதற்கு முன்னால் தண்டை ஒருமுறை ஏற்றிச் சுற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளர்ந்தால் புஷ் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது தண்டு வளைந்திருக்கிறது.

கிரீஸ் எல்லா இடத்துக்கும் நல்லது என்று அப்பிவிடாதீர்கள். வெண்கலப் புஷ்ஷுக்குக் கிரீஸ் கேட்கும். பிளாஸ்டிக் புஷ்ஷிலும் உருளைகளிலும் அது மணலைப் பிடித்து வைத்து எமரி தாளாக மாறும். அவற்றுக்கு நன்னீரில் கழுவுவது போதும். அலுமினியத் தண்டு என்றால் செம்பு கலந்த அடிப்பூச்சு அதன் பக்கத்திலேயே போகக் கூடாது, அரித்துவிடும்.

திரும்ப ஏற்றுதல்

வந்த வழியே போவதுதான். சீல் புதிதாகப் போடுங்கள், பழையதை மறுபடி போட்டு மிச்சம் பிடிப்பது வீண். காலரை முன்பு அளந்த உயரத்திலேயே பூட்டி, பலகைக்கும் படகின் அடிக்கும் பழைய இடைவெளி இருக்கிறதா என்று சரிபாருங்கள். பொட்டுக் குத்துகள் ஒரே கோட்டில் வந்ததும் குவாட்ரன்ட்டை இறுக்குங்கள். சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பும்போது ஒருவர் உள்ளே இருந்து பார்க்க வேண்டும்: குவாட்ரன்ட் தடுப்புக் கட்டையில்தான் முட்டி நிற்க வேண்டும், கேபிளோ தானியங்கி ஓட்டியின் கையோ முட்டக் கூடாது.

தண்ணீரில் இறக்கும் நாளில், வார்களைக் கழற்றுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் கேளுங்கள். படகு மிதக்கும்போது உள்ளே இறங்கி, குழாய் வாயைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். நனைந்தால் அப்படியே மேலே தூக்கச் சொல்லலாம். வாரைக் கழற்றிவிட்டுப் படகுத் தூக்கி போன பிறகு நனைந்தால் யாரும் வர மாட்டார்கள். முதல் சில பயணங்களுக்குப் பிறகு காலர், குவாட்ரன்ட் போல்ட்டுகளை இன்னொருமுறை இறுக்கிப் பாருங்கள். கேபிள் இழுவையும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

பின் லாக்கர் மூடியின் உள்பக்கத்தில் அழியாத மையில் நான் எழுதி வைத்திருப்பது இது: ‘தண்டு 118. பலகைக்கு அடியில் 140 வேண்டும். கான்கிரீட் தரை வேண்டாம்.’